சம்பந்தி

வீட்டுக்கு வரவேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுங்கள் என்று ஞானம்மாள் காலையில் போனில் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் இலை போடவேண்டும். சாப்பிட்டு எழுந்தவரிடம் பெண் தரமாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் வந்து நின்றது. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நாள் இருக்க, அதற்குள்ளாகவே மஞ்சள் துணியும் காவடியுமாக ஒரு கூட்டம் இறங்கி மலைப்பக்கம் நடந்தது. கடைசி ஆளாக, விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுந்தரமூர்த்தி இறங்கினார்.

மாப்பிள்ளை தணிகைமணியின் அப்பா. சொந்தமாகப் பவர்லூம் ஓட்டுகிறவர்.

சித்திரையில் அவருடைய கிட்னியில் புற்றுநோய்க் கட்டி என்று சொல்லி, சென்னையில் அந்தக் கிட்னியையே எடுத்துவிட்டார்கள். அப்போதுகூட ஞானம்மாளுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. கட்டி போனது, தொல்லை விட்டது என்றுதான் நினைத்தாள்.

எடுத்த கட்டியை ஜீன் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று போன வாரம் தணிகைமணி வாய்தவறிச் சொன்னான். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

ஜீன் என்றால் பரம்பரை. இதுகூடத் தெரியாதவளா அவள்? அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கு வரும், பிள்ளைக்கு வந்தது பேரனுக்கு வரும். மோகனப்ரியா ஒரே மகள். தெரிந்தே கிணற்றில் தள்ள முடியுமா?

இதில் அவருக்கு அவசரம் வேறு. ஆடி போகட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே முடித்துவிடலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே வருவதற்குள் தாலியைக் கட்டிவிடப் பார்க்கிறார் என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், இரண்டு டீ, ஒன்று சர்க்கரை இல்லாமல் என்று அவர் மாஸ்டரிடம் சொன்னார். வந்ததும் சர்க்கரை இல்லாததை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சம்பந்தி என்ற சொல் அவள் வாய்க்குப் புதிது. நேற்றிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். அதை முதலில் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

“சம்பந்தி, ஜீன் டெஸ்ட்டு எடுத்துகினு கீறீங்களாமே. ரத்தத்துலயே கீற நோவுன்னு தெரிஞ்சப்புறம் பொண்ணை எப்படிங்க குடுக்கறது?”

அவர் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். தப்பு தன்மேல்தான் என்பதுபோல லேசாகச் சிரித்தார்.

“அது பரம்பரை ஜீன் இல்லக்கா. கட்டிக்குள்ள எந்த ஜீன் எப்படி வேலை செஞ்சிகினு இருக்குன்னு பாக்கறாங்க, நோவு திரும்பி வருமா வராதான்னு தெரிஞ்சிக்க. நானும் மொதல்ல உன்ன மாதிரிதான் பயந்துட்டேன். டாக்டர்கிட்ட மொத கேள்வியே அதான் கேட்டேன், எங்கக்காவுக்கு வருமான்னு. வராதுன்னாரு.”

அக்கா.

ஞானம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரே வயிற்றில் பிறந்த தம்பியை, இடுப்பில் தூக்கி வளர்த்தவனை, வாங்க போங்க என்று தள்ளி உட்காரவைத்து ரத்தத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அவன் ரத்தம் ஆகாது என்றால் அவளுடையது மட்டும் எது? மோகனப்ரியாவுடையது எது?

ஒரு வாரமாக விழித்துக் கிடந்தும் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கோ முதலில் தோன்றியதே அவள்தான்.

வீட்டுக்கு வாடா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ என்று சொல்ல நினைத்தாள்.

பெண் விஷயம் உன் இஷ்டம்தான் அக்கா என்று சொல்லிவிட்டு அவன் எழுந்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பவும் ஏறினான். ஜன்னல் வழியாகக் கையசைத்து, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போ என்றான்.

அவளுடைய டீயில் ஆடை கட்டியிருந்தது.

பஸ் நகர்ந்து சித்தூர் ரோட்டில் திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி வருமா வராதா என்று பார்க்கிற டெஸ்ட். அதில் என்ன ரிசல்ட் வந்தது என்று அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஆவணியைத் தாண்ட வேண்டாம் அக்கா என்று அவன் திரும்பத் திரும்பக் கெஞ்சியது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.