ஏழாவது கை

நர்ஸம்மாவோட மகள் பேரைப் போதகர் வாசிச்சதுதான் தாமதம், தையலக்கா நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டாங்க.

"எனக்குத் தலை வலிக்குது. நீங்களே பார்த்துக்குங்க."

கதவு டமார்னு சாத்திக்கிச்சு.

எங்க லுத்தரன் சபையில வருஷத்துக்கு ஒரே ஒருத்தரை உதவித்தொகை கொடுத்துத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்புவோம். வெளியூர்ல ரெண்டு வருஷப் படிப்பு. தேர்ந்தெடுக்கிற குழுவுல ஏழு பேர். கூட்டத்துல இருக்கிற அத்தனை பேரும் கை தூக்கணும். ஒரு கை கீழே இருந்தாலும் விண்ணப்பம் அம்பேல். கை தூக்கினவங்க பேரெல்லாம் அந்த வாரச் சபை மடல்ல வரும். குறிப்பெடுத்து மடலை எழுதுறது நான். அதனால எனக்கு 'நிருபர்'னு பட்டப்பேர்.

மீதி ஆறு கையும் மளமளன்னு மேலே போச்சு. பொண்ணுக்கு இடம் கிடைச்சுடுச்சு.

ஆனா எனக்கு அக்கா மேல கோபம் கோபமா வந்துச்சு.

தையலக்காவுக்கும் நர்ஸம்மாவுக்கும் பத்து வருஷப் பகை. பாடகர் குழுவுக்கு அக்காதான் அங்கி தைச்சாங்க. "இது அங்கியா, தலையணை உறையா?"ன்னு நர்ஸம்மா எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. "தலையணைக்குத் தகுந்த உறை"ன்னு அக்கா சொல்லிட்டாங்க. அவ்வளவுதான், அங்கி அன்னைக்கே திரும்பி வந்துடுச்சு.

"அவ தொட்ட நூல்கூட எனக்கும் வேண்டாம், என் பொண்ணுக்கும் வேண்டாம்"னு நர்ஸம்மா சொன்னது சொன்னதுதான். இன்னைக்கும் பாடகர் குழுவுல அவங்க மட்டும் அங்கி இல்லாமதான் நின்னு பாடுறாங்க.

சரி, பெரியவங்க அடிச்சுக்கட்டும். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணினா? தண்ணிக் குழாய்க்காக ரெண்டு தெரு மல்லுக்கட்டினப்போ, எங்க சமாதானக் குழுவோட போய், ரெண்டு தரப்பையும் ஒரே பெஞ்சுல உட்கார வெச்சவ அவ.

அந்தச் சமாதானக் குழுவுக்குத் தலைவி யாருங்கறீங்க? சாட்சாத் தையலக்காதான்! பயிற்சி எடுத்து, சான்றிதழ் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டியிருக்காங்க. ஊருக்குத்தானே உபதேசம்!

மறுநாள், எழுதின மடலை எடுத்துக்கிட்டு நேரா அவங்க வீட்டுக்குப் போனேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மூஞ்சிக்கு நேரா காட்டிடணும்னு ஒரு வீம்பு.

முன்னறையில தையல் மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அக்கா வாயில ரெண்டு குண்டூசி.

"'கூட்டத்தின் நடுவே தையலக்கா வெளியேறினார்.' இதைப் போடட்டுமா அக்கா?"

அக்கா மிஷினை நிறுத்திட்டு ஊசியை எடுத்தாங்க.

"இவ்வளவுதானா?"

"வேறென்ன வேணும்?"

"சப்புனு இருக்கே. 'முகத்தைத் திருப்பிக்கொண்டு'ன்னு போடு. கதவைச் சாத்தினதையும் சேர்த்துக்கோ. முதல் பக்கத்துலயே வரட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"கொஞ்சமாவது வெட்கம் இருக்கா உங்களுக்கு? ஒரு கையைத் தூக்கினா தேய்ஞ்சா போயிடுவீங்க?"

"எழுதுவியா, மாட்டியா நிருபரே?"

எழுதினேன். கோபத்துல 'டமாரென்று'ங்கறதையும் சேர்த்துத்தான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளியே வந்தா, வாசல்ல அந்தப் பொண்ணு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறா.

"என்னடி, பயிற்சிக்குக் கிளம்பலையா?"

"அம்மா இன்னும் சரின்னு சொல்லலைக்கா. யார் யார் கை தூக்கினாங்கன்னு மடல்ல பார்த்துட்டுத்தான் சொல்வாங்களாம்."

பக்கத்துல நர்ஸம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு, மடல்ல ஒவ்வொரு பேரா விரல் வெச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. முடிச்சுட்டு மறுபடியும் முதல்ல இருந்து படிச்சாங்க.

"அவ பேர் இல்லையே?"

"இல்லைங்க."

"நிஜமாவே டமார்னு சாத்தினாளா?"

"காது அடைச்சுப் போச்சு."

நர்ஸம்மா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

"பார்த்தியாடி! அவ தயவு இல்லாமலே ஜெயிச்சுட்டே. வா வா, பரண்ல இருக்கிற பெட்டியை இறக்கலாம்!"

அந்தப் பொண்ணு அம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டா.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. மண்டு, மண்டு! கெடுக்கணும்னா அக்கா எழுந்தே போயிருக்க வேண்டாமே. கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாலே போதுமே!

ஓட்டமும் நடையுமா அக்கா வீட்டுக்குப் போனேன். மடியில ஒரு பழைய வெள்ளை அங்கியை வெச்சுக்கிட்டு, பக்கத் தையலைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"அக்கா, இது நர்ஸம்மா திருப்பி அனுப்பினதுதானே?"

"ஆமா. இந்த வருஷம் ரெண்டு விரல் சதை போட்டிருக்கா. அந்தக் கோடி பெஞ்சுல இருந்து பார்த்தாலே தெரியுது. விட்டுத் தைச்சு வைக்கிறேன். என்னைக்காவது மனசு மாறிக் கேட்டா, இறுக்கிப் பிடிக்கக் கூடாது பாரு."

நான் அவங்க பக்கத்துல உட்கார்ந்தேன்.

"பொண்ணு கிளம்புறா அக்கா. நர்ஸம்மாவே பெட்டியை இறக்கப் போறாங்க."

அக்கா ஊசியில நூல் கோத்துப் பார்த்தாங்க. கண்ணு கலங்கியிருந்ததால முடியலை. என்கிட்ட நீட்டினாங்க.

"நான் மட்டும் கை தூக்கியிருந்தா, அந்தப் பெட்டி பரணை விட்டு இறங்கியிருக்காதுடி."