மூன்றாவது கை மண்

கண்டக்குழி முன்பள்ளியின் வேலிக்குள் வெயில் கண்ணைக் குத்துகிறது. மணலில் தோண்டிய சின்னக் குழிக்குள் வெள்ளைத் துணி சுற்றிய பொம்மை கிடக்கிறது. சுற்றி நிற்கும் பிள்ளைகளின் தலைகளில் தொப்பிக்குப் பதில் பூவரசம் இலைகள். கடலில் மூழ்கிய வாப்பாவை அடக்கிய நாளிலிருந்து நப்லா வாய் திறக்கவில்லை. பெண்பிள்ளை என்று அடக்கம் நடந்த மையவாடிக்கு அவளைக் கூட்டிப்போகவுமில்லை. இன்றுதான், "எல்லாரும் மூணு கை மண் போடோணும்" என்கிறாள். அந்தக் குரல் நின்றுவிடுமோ என்று ஹாஜரா டீச்சர் அசையாமல் நிற்கிறாள். வேலிப் படலை உதைபட்டுத் திறக்கிறது. நப்லாவின் சாச்சா, வாப்பாவின் தம்பி ஹுனைஸ். முன்பள்ளிக்குத் தலைவரும் அவர்தான். "எழுத்துப் படிப்பிக்க அனுப்பினா மையத்து வெளையாட்டா? மண்ணுல குந்திக்கிட்டிருக்க டீச்சர் எதுக்கு?" "ஹுனைஸ் நானா, புள்ள இண்டைக்குத்தான் கதைச்சா." "கிழிச்சீங்க! நாளைக்கு இந்தப் பக்கம் வந்திராதீங்க." அவர் நப்லாவின் கையைப் பிடித்து இழுக்கிறார். விரல்களுக்கிடையில் மணல் கொட்டுகிறது. "சாச்சா, ரெண்டு கைதான் போட்டன். இன்னும் ஒரு கை இருக்கு." அவர் பிடி தளரவில்லை. ஹாஜரா அவரைப் பார்க்காமலே குனிந்து, பிள்ளையின் மற்றக் கையில் மணலை அள்ளி வைக்கிறாள்.