முழுசும் ரீகம்பைல்

"ரெண்டு மணிக்கு அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போறாங்க சார். இப்பக் கிளம்பினாத்தானுங்க சரியா இருக்கும்."

கைப்பையை மாட்டிக்கொண்டே சொன்னாள் ரித்திகா. டீம் லீடர் கிருபாசங்கர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"புரோகிராமை முழுசும் ரீகம்பைல் பண்ணிக் குடுத்துட்டுப் போங்க அம்மணி."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான்."

பீளமேட்டில் இருக்கும் அந்தக் கம்பெனி, மயக்க மருந்தை அளந்து ஏற்றும் ஆஸ்பத்திரி மிஷின்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறது. மருந்தின் அளவைக் கணக்கிடும் பகுதி ரித்திகா எழுதியது. அது நம்பி ஓடும் அடித்தளப் புரோகிராமான லைப்ரரியை அன்று காலைதான் புது வெர்ஷனுக்கு மாற்றியிருந்தார்கள். அடித்தளம் மாறினால், மேலே இருப்பதையும் அதற்கேற்ப மறுபடி மிஷின் மொழிக்கு மாற்ற வேண்டும்; அதுதான் ரீகம்பைல்.

மாற்றிய வம்சியே அவளுக்காகப் பரிந்து பேசினான்.

"சார், ஒரு ஆஸ்பத்திரில காலைலயே புது லைப்ரரியைப் போட்டுட்டனுங்க. பழைய புரோகிராம் அப்படியே ஓடுது, எர்ரர் ஒண்ணும் வரல. ரீகம்பைலைத் திங்கக்கிழமை பாத்துக்கலாமுங்களே."

"ஓடுதுன்னா சரியா ஓடுதுன்னு அர்த்தமா வம்சி? அடியில இருக்கறதை மாத்திப்போட்டு மேல இருக்கறதைச் சும்மா விட முடியாது."

"அப்ப வேற யாராச்சும் பண்ணக் கூடாதுங்களா?" என்றாள் ரித்திகா. "மொபட்டுல இருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு கெடக்கறாருங்க அப்பா. அம்மா தனியா இருக்காங்க."

"தெரியுமுங்க. ஆனா அது நீங்க எழுதின கோடு. எர்ரர் வந்தா நீங்க மூணு மணி நேரத்துல முடிப்பீங்க, மத்தவங்களுக்கு மூணு நாளாகும். அப்புறம், போனை இங்க வெச்சுட்டுப் போங்க. கவனம் சிதறக் கூடாது."

போனை அவர் மேஜையில் டக்கென்று வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மனுசனா இவரு?" என்று வம்சி முணுமுணுத்தான்.

முதல் கம்பைலிலேயே பதினோரு எர்ரர். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரி செய்தாள். மணி இரண்டாகி, மூன்றும் ஆனது. மூன்றரைக்கு எர்ரர் இல்லாமல் முடிந்தது.

புது லைப்ரரியின் மேல், ரீகம்பைல் செய்யாத பழையதையும் செய்த புதியதையும் அருகருகே ஓடவிட்டாள். அதே நோயாளி, அதே எடை.

புதியது அரை மில்லி என்றது. பழையது ஐந்து மில்லி என்றது; பத்து மடங்கு.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் ஐந்து.

வம்சியின் முகம் வெளிறியது. "ஐயோ... காலைல நான் போட்ட ஆஸ்பத்திரில..."

"அந்த மிஷினைக் காலைலயே நிறுத்தச் சொல்லிட்டேன்" என்றார் பின்னால் வந்து நின்ற கிருபாசங்கர். "புதுசை அனுப்புங்க."

வம்சி நாற்காலியில் அப்படியே சாய்ந்து பெருமூச்சு விட்டான்.

கிருபாசங்கர் போனை நீட்டினார். "பாத்துப் போங்க அம்மணி."

ரித்திகா போனைப் பறித்துக்கொண்டு கிளம்பினாள். வேலை சரியான வேலைதான். அதற்காக, பெற்ற அப்பனை ஆபரேஷன் மேஜையில் கிடத்தியிருக்கும் நேரத்தில் மகளை இப்படியா பிடித்து வைப்பது? வண்டி ஓட்டிய வழியெல்லாம் மனம் கொதித்தது.

ஆஸ்பத்திரிக்குள் ஓடினாள். வார்டுக் கட்டிலில் அப்பா கந்தப்பன் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். பக்கத்தில் அம்மா.

"அப்பா! ஆபரேஷன் முடிஞ்சுதா?"

"எங்க கண்ணு முடிஞ்சுது? காலைல இருந்து ஒரு வாய் தண்ணி இல்ல. பசி உசுரு போகுது."

அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் பக்ருன்னிசா ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வந்துட்டீங்களா? இப்பத்தாங்க கூட்டிட்டுப் போறோம்."

"ரெண்டு மணின்னு சொன்னீங்களே?"

"மருந்து மிஷினைத் தொட வேண்டாம்னு உங்க ஆபீஸ்ல இருந்து பதினோரு மணிக்கே ஒரு சார் போன் பண்ணிட்டாருங்க. 'புது சாஃப்ட்வேர் வந்தப்புறம் கந்தப்பனை உள்ள கொண்டு போங்க. அதைச் சரி பண்ணப் போறது அவரோட பொண்ணுதான், அப்பாவுக்கு வெக்கிற மிஷின்னு தெரிஞ்சா அம்மணிக்குக் கை நடுங்கிப் போயிரும், யாரும் சொல்லிப்போடாதீங்க'ன்னாரு."