பத்து விநாடி

முதல் வருடம் இத்தாலிய மொழி வகுப்பில் முப்பது பேர் இருந்தார்கள். மூன்றாம் வருடத்துக்கு மிஞ்சியது தமயந்தி ஒருத்திதான். பேசிப் பழக ஜோடி இல்லாததால் பேராசிரியர் ஒரு கேசட்டைக் கொடுத்திருந்தார். அதில் லூச்சியா என்பவள் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்காகப் பத்து விநாடி காத்திருப்பாள்.

"ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு யாரெல்லாம் வந்தார்கள்?"

வழக்கமாகப் புத்தகத்திலிருக்கும் அத்தை, மாமா, பிள்ளைகளை ஒப்பிப்பாள் தமயந்தி. இன்றைக்கு என்னவோ, "யாரும் வரவில்லை. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன்" என்று பிசிறில்லாத இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டாள்.

"கொடுத்து வைத்தவள் நீ. அடுத்த வாரம் நானும் வரட்டுமா?" என்றாள் லூச்சியா, எப்போதும்போல.

மறுபடி பத்து விநாடி. கேசட் சுழல்வதையே தமயந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி விநாடியில், "வாயேன்" என்றாள், தமிழில்.