கறிக்கடைப் புத்தகம்

மாசிலாமணியின் கறிக்கடைக்குப் பின்னால் ஒரு வெள்ளாடும் ஒரு செம்மறியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. கறியைப் பொட்டலம் கட்ட மாசிலாமணி ஒரு பழைய ஆங்கிலச் சொல்வளப் புத்தகத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். ரத்தம் அதிகம் பட்ட தாளைப் பின்பக்கம் எறிந்துவிடுவார். வெள்ளாடு அதிலிருந்து சொல், பொருள், உதாரண வாக்கியம் என்று வரிசையாக மனப்பாடம் செய்யும். மனப்பாடம் ஆனதும் தாளைத் தின்றுவிடும்.

"கயிறு நைஞ்சு கிடக்கு," என்றது செம்மறி. "ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தா அறுந்திடும். வா."

"கொஞ்சம் பொறு. 'இம்மினென்ட்'னு ஒரு வார்த்தை. ரொம்பக் கிட்ட வந்துட்ட ஆபத்தைச் சொல்றது. இதை வச்சு சொந்தமா ஒரு வாக்கியம் சொல்லிப் பாக்கணும்னு போட்டிருக்கு. அப்பத்தான் மனசுல நிக்குமாம்."

"காலையில நாம ஆறு பேர் இருந்தோம்."

"மத்த நாலு பேருக்கும் ஒரு வார்த்தைகூடத் தெரியாது."

வெள்ளாடு அண்ணாந்து பார்த்தது. மேகம் கறுத்திருந்தது. மழை வரப்போவதை வைத்து ஒரு வாக்கியம் அமைத்தது. பிழையில்லாமல் வந்ததில் அதற்கு ரொம்பத் திருப்தி.

"ஒரே ஒரு தடவை இழு," என்று கெஞ்சிவிட்டுச் செம்மறி தானே இழுத்தது. தனியாக இழுத்ததில் அதன் கழுத்துதான் இறுகியது.

மாசிலாமணி வந்து செம்மறியை அவிழ்த்துக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் உள்ளே தாள் கிழியும் சத்தம் கேட்டது. வெள்ளாடு ஆசையோடு கழுத்தை நீட்டியது.