எட்டாவது போல்ட்

"எட்டாவது போல்ட் இல்ல தங்கச்சி. வெறும் தலைதான் இருக்கு. வண்டிய ஓரங்கட்டு!"

நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து வேனை மறித்த மனிதர் கத்திச் சொன்னது இதுதான். சட்டை முழுக்க எண்ணெய்க் கறை. பார்த்தாலே மெக்கானிக் என்று தெரிந்தது.

வேன் அக்காவுக்குக் கோபம் சுரீரென்று ஏறியது. 'வேன் அக்கா' என்பது பள்ளிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர். காலையில்தான் பதினெட்டுப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

"பானெட்டையே இன்னும் திறக்கல. உள்ள போல்ட் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேனிஃபோல்டுல, கடைசி, பின்பக்கம். கையே போகாது அங்க. வண்டிக்குள்ள புகை வருதா, இல்லையா?"

வருகிறது. ஒரு மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுப்பதே அதுதான். எஞ்சின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் அந்த இரும்புக் குழாயில் எங்கோ கசிவு. வண்டி எடுத்தாலே டிக் டிக் என்று ஒரு சத்தம், உள்ளே டீசல் நாற்றம். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நேற்று அம்மாக்கள் எல்லாரும் கூடி நின்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இன்று சாயங்காலமும் புகை வந்தால் நாளையிலிருந்து வேறு வேன். மூன்று கை மாறி அவளிடம் வந்த கிழட்டு வண்டிதான், ஆனால் அவள் பிழைப்பு மொத்தமும் அதில்தான் ஓடியது.

"ரெண்டு பேரு பார்த்தாச்சுண்ணே. எட்டும் இருக்குன்னு எண்ணியே காட்டினாங்க."

"எண்ணுறவன் தலையத்தானே எண்ணுவான்?"

வலிய வந்து உதவுகிறவர்களை அவள் நம்புவதில்லை. ஆனால் எட்டாவது என்று எப்படி இவ்வளவு அடித்துச் சொல்கிறார்? அந்தக் குறுகுறுப்புதான் வேனை அவருடைய ஷெட்டுக்குள் திருப்ப வைத்தது.

கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நின்றாள். துருவேறிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் திருகினார். முனகிக்கொண்டே ஏழும் வந்தன.

"சத்தத்த வெச்சே கண்டுபிடிச்சீங்களா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

பதில் இல்லை. மறுபடி கேட்டாள். ஊஹூம். என்ன திமிர்! சுற்றிவந்து முகத்துக்கு நேராக நின்று மூன்றாம் தரம் கேட்டாள்.

"அப்படித்தான் வெச்சுக்கயேன்" என்றார், பத்து வீடு தள்ளி நிற்பவளிடம் பேசுவதுபோல.

உளி எடுக்க அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கம் பெயின்ட்டில் ஏதோ எழுதியிருந்தது. அவள் எட்டிப் பார்ப்பதற்குள் சாத்திவிட்டார்.

உளியை வைத்து ஒரே தட்டு. எட்டாவது போல்ட்டின் தலை தெறித்து அவள் காலடியில் உருண்டது. குனிந்து எடுத்தாள். தலை மட்டும்தான். அடியில் ஒரு பொட்டு வெல்டிங். அவர் சொன்னது சொன்னபடி இருந்தது!

"எந்தப் படுபாவி வேலைண்ணே இது? போல்ட் உடைஞ்சத மறைக்கத் தலைய மட்டும் ஒட்டி ஏமாத்தியிருக்கானே! நல்லாயிருப்பானா அவன்?"

"திட்டு. நல்லாத் திட்டு" என்றார் அவர், அவள் முகத்தையே பார்த்தபடி.

உடைந்த மீதித் துண்டு எஞ்சினுக்குள்ளேயே இருந்தது. அது வராவிட்டால் எஞ்சின் தலைப்பகுதியையே கழற்ற வேண்டும், மூன்று நாளாகும் என்றார். மணி இரண்டரை. நாலு மணிக்குப் பள்ளி விடும்.

துண்டின் நுனியில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தார். சிவக்கச் சிவக்க இருக்கும்போதே மெழுகுவர்த்தியை அதில் தொட்டார். மெழுகு உருகிப் புகைந்து மரைக்குள் இறங்கியது. பிறகு ஸ்பேனர். ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே. மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது.

"வந்துடு ராசா, வந்துடு" என்று குழந்தையிடம் கெஞ்சுவதுபோல் கெஞ்சினார்.

வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஒரு துருத்துண்டுக்கு இத்தனை பாசமா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

இத்தனை நாள் தாங்கி இப்போது பொசுங்கிப்போன அடைப்புத் தகட்டுக்குப் பதில் புது கேஸ்கட், புதிதாக எட்டு போல்ட். மூன்றரைக்கு எஞ்சினைக் கிளப்பினாள். அவர் இணைப்புக்கு அருகே உள்ளங்கையைக் காட்டி, காற்று அடிக்கிறதா என்று பார்த்தார்.

"சத்தம் நின்னுடுச்சா?"

"என்னையா கேக்குறீங்க? காதுக்காரர் நீங்கதானே?"

"நீ சொல்லு."

டிக் டிக் இல்லை. உள்ளே ஏறி மூச்சை இழுத்துப் பார்த்தாள். நாற்றமும் இல்லை! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அப்போது அவர் மனைவி டீ கொண்டுவந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு என்ன காதுக்கா! ஓடுற வண்டியோட சத்தத்த வெச்சே எட்டாவது போல்ட் இல்லன்னு சொல்லிட்டாரு!"

அந்தம்மாள் சிரித்த சிரிப்பில் டீ தளும்பியது. "காதா? எஞ்சின் பக்கத்துலயே நின்னு நின்னு, ஏழு வருஷமா அவருக்கு இடி விழுந்தாலும் கேக்காதேம்மா! நம்ம வாயப் பார்த்துத்தான் பதில் சொல்றாரு."

வேன் அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் டீசலில் நனைத்த துணியோடு அலமாரிக் கதவின் உள்பக்கத்தை அழிக்கப் போய்க்கொண்டிருந்தார். அங்கே வெளிறிய பெயின்ட்டில் அவளுடைய வேன் நம்பர். அதன் கீழே, 'எட்டாவது'.

"பன்னெண்டு வருஷமா ரோட்டுல போற ஒவ்வொரு வேனையும் பார்த்துக்கிட்டே இருந்தேன் தங்கச்சி" என்றார் அவர். "அந்தத் தலைய ஒட்டின படுபாவி நான்தான்."