பிணவறையில் மூன்று நாள்

அவன் மனைவியின் உடல் பிணவறைக்குப் போய் இன்றோடு மூன்று நாள். 'கிறிஸ்துவை மறுதலிக்கிறேன்' என்று கையெழுத்துப் போடாதவர்களுக்குப் பொது இடுகாட்டில் இடமில்லை.

"தம்பி, அவங்க சார்பா நீ போட்டாலும் போதும். சாயங்காலமே அடக்கம் பண்ணிடலாம்," என்றார் குமாஸ்தா. "செத்தவங்க எழுந்து வந்து சண்டையா போடப் போறாங்க?"

"அவ போடுவா சார்."

போன வருஷம் ஜெபக் கூட்டத்தில் பிடிபட்டு அவன் சிறையில் கிடந்தபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் சொன்னது ஒன்றுதான். "என்ன ஆனாலும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க."

அவன் போடவில்லை. மறுநாளே விட்டுவிட்டார்கள். கர்த்தர் கதவைத் திறந்தார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். அந்தப் பேச்சு வந்தாலே அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

"உன்னோட மல்லுக்கட்ட என்னால முடியாதுப்பா. அவங்க பேரைச் சொல்லு, சம்மதிக்கலன்னு எழுதி அனுப்பிடறேன்."

சொன்னான். குமாஸ்தா தடித்த பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"அட, முதல் நாளே பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? அவங்கதான் போன வருஷமே போட்டிருக்காங்களே!"

பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினார். அவள் கையெழுத்தேதான். பக்கத்தில், காரணம் என்ற இடத்தில், அவளே எழுதியிருந்தாள்: 'கணவரின் விடுதலை.'